உபாத்தியாயரும் இசைக்கல்விப் பட்டமும்

(கரியாலூரில் கூடிய நம் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் தமிழாசிரியர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)



இக்கூட்டத்திற் பேசுமாறு காரியதரிசி அவர்கள் எனக்குக் கட்டளையிட்டபோது, கல்வியைப் பற்றி ஏதேனும் பேசுக என்று மட்டுமே கூறினார்கள். கல்வியோ கடல், அதில் ஒரு துறையில் இறங்கி நீராடுவதே என் போன்றார்க்கு இயல்வது. ஆதலின், பள்ளியிற் பணிபுரிந்துகொண்டே ஓர் ஆசிரியர் இசைக்கல்வியில் மேற்பட்டம் பெறுவது எங்ஙனம், அதனால் ஆவது யாது, அதற்கு நம் சங்கம் செய்யத்தக்கது யாது என்னும் மூன்றையும் எடுத்துப் பேசத் துணிந்தேன். கச்சிராயபாளையத்தையும் கோமுகி அணையையும் கடந்து, மலைப்பாதையின் வளைவுகளெல்லாம் ஏறி இக்கரியாலூருக்கு வந்திருக்கும் உங்களை நெடுநேரம் இருத்திவைக்க விரும்பேன். ஆயினும் பொருள் சற்றே விரிந்தது, பொறுத்தருள்க.

இப்பொருளைக் கேட்டவுடனே சிலர் உள்ளத்தில் மூன்று ஐயங்கள் எழக்கூடும். பாட்டு நம் குடிக்குரிய தொழிலன்றே, நம் பிள்ளைகட்கு அஃது எதற்கு என்பது ஒன்று. பாடத் தெரிந்தவர் பாடிக் கொடுத்தாற் போதாதோ, அதற்கொரு பட்டமும் வேண்டுமோ என்பது இரண்டாவது. நாற்பது வயதுக்கு மேல் படித்து என்ன ஆதாயம் என்பது மூன்றாவது. இம்மூன்றும் வெறுத்து ஒதுக்கத்தக்க ஐயங்கள் அல்ல. நம் வீடுகளிலே நாள்தோறும் கேட்கப்படுவன. ஆதலின் அவற்றை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்வேன்.

முதலாவது, இசை எவர்க்குரியது? பாணரையும் விறலியரையும் அரசர் எதிர்கொண்டு போற்றிய நாடு நம் நாடு. பிற்காலத்தே இசையையும் ஆடலையும் சிற்சில குடிகளின் தொழிலெனப் பிரித்துவைத்து, அவற்றைப் பயின்றாரை இழித்தும் பேசினோம். அப்பிரிவினால் இசைக்கு நன்மை விளைந்ததோ என்று நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும். தமிழிசை ஆராய்ச்சியில் அண்மைக் காலத்தே பெரும்புகழ் பெற்ற இருவரை எடுத்துக்கொள்க. ஒருவர் தஞ்சை ஆபிரகாம் பண்டிதர், கிறித்தவர். மற்றொருவர் விபுலாநந்த அடிகள். ஈழத்துக் காரைதீவிலே பிறந்து இராமகிருஷ்ண மடத்துத் துறவியானவர். இவ்விருவரும் இசையைக் குலத்தொழிலாகப் பெற்றவரல்லர். வேறொன்றும் இவ்விருவர்க்கும் பொதுவாக உண்டு. இருவரும் பள்ளிக்கூட உபாத்தியாயர்களாக இருந்தவர்கள்! இதனை நம் ஆசிரியத் தோழர்கள் நெஞ்சில் இருத்துக.

ஆபிரகாம் பண்டிதர் 1859ஆம் ஆண்டில் தென்காசிப் பக்கத்துச் சாம்பவர் வடகரையிலே பிறந்தார். திண்டுக்கல்லில் ஆசிரியப் பயிற்சி பெற்றார். அங்கேயே இசையும் பயின்றார். பின்னர்த் தஞ்சையிலே பள்ளியாசிரியராய் அமர்ந்தார். அத்தொழிலை விட்டுச் சித்த மருத்துவத்தை மேற்கொண்டு, அதனால் வந்த பொருளை இசைக்கே செலவிட்டார். 1912ஆம் ஆண்டில் சங்கீத வித்தியா மகாஜன சங்கம் என்னும் அவையை நிறுவி, இசை வல்லாரைத் தம் செலவிலே வரவழைத்துக் கூட்டங்கள் நடத்தினார். 1916ஆம் ஆண்டில் பரோடாவிற் கூடிய அகில இந்திய இசை மாநாட்டிலே தம் சுருதி ஆராய்ச்சியை எடுத்துரைத்தார். 1917ஆம் ஆண்டில் அவருடைய கருணாமிர்த சாகரம் வெளிவந்தது. அவர் முடிபுகள் எல்லாவற்றையும் எல்லாரும் ஏற்றுக்கொண்டாரல்லர். ஆயினும் அந்நூலை விலக்கிவிட்டுத் தமிழிசை வரலாறு பேசுவார் இலர்.

இரண்டாவது ஐயத்துக்கு வருவேன். பாடத் தெரிந்தவர் பாடிக் கொடுத்தாற் போதாதோ? போதாது என்பதே என் விடை. பாடுதல் ஒன்று, பாட்டின் இலக்கணம் அறிதல் மற்றொன்று, பிறர்க்குப் பாடக் கற்பித்தல் மூன்றாவதொன்று. இம்மூன்றும் ஒருவரிடத்தே கூடுதலும் உண்டு, கூடாமையும் உண்டு. நன்னூலின் பாயிரத்திலே பவணந்தி முனிவர் நல்லாசிரியர்க்கு உவமை கூறியதோடு அமையாமல், ஆசிரியராகத் தகாதார்க்கும் நான்கு உவமை கூறுகின்றார். அவற்றுள் ஒன்று, கழற்காய் நிரப்பிய குடம். அதைக் கவிழ்த்தால், உள்ளே இட்ட முறையிலன்றி, எது வாயருகே உள்ளதோ அது முன்னே விழும். மற்றொன்று, பருத்தி அடைத்த குடுவை. உள்ளே நிறைய இருக்கும். விரலாற் பறித்துப் பறித்தே எடுக்கவேண்டும். மேடையிற் சிறப்பாகப் பாடும் வித்துவான் ஒருவரை நாற்பது சிறுவர் முன்னே நிறுத்திப் பாருங்கள். அவரிடம் சரக்குக்குக் குறைவில்லை. ஆயினும் எதனை முன் வைப்பது, எதனைப் பின் வைப்பது, எங்கே நிறுத்துவது என்னும் முறை அறியாராயின், அவர் கழற்குடமாதலோ பருத்திக் குடுவையாதலோ உறுதி. இது வித்துவான்மீது குறை கூறியதன்று. கற்பித்தல் தனியொரு வித்தை என்பதையே வற்புறுத்தினேன்.

இதனை நம் முன்னோர் நன்கு அறிந்திருந்தனர். சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையைப் பாருங்கள். மாதவி அரங்கேறுதற்கு முன்னே, அவளைப் பயிற்றிய ஆடலாசிரியன், இசையாசிரியன், கவிஞன், தண்ணுமையாசிரியன், குழலாசிரியன், யாழாசிரியன் ஆகிய ஒவ்வொருவர்க்கும் இன்ன இன்ன அறிவு வேண்டுமென்று இளங்கோவடிகள் வகுத்துரைக்கின்றார். அரங்கேறுபவள் மாதவி, ஆயினும் முதலில் இலக்கணம் கூறப்படுவது ஆசிரியர்க்கே. இக்காலத்தார் இசையாசிரியர்க்குத் தகுதி வகுத்துப் பட்டம் வழங்குவதும் அதனின் வேறன்று.

மேலைநாட்டார் வரலாறும் இதனையே காட்டுகின்றது. பதினோராம் நூற்றாண்டிலே இத்தாலி நாட்டுத் துறவியாகிய கைடோ என்பார், பாடகச் சிறுவர்கள் விரைவிற் கற்றற்பொருட்டுச் சுரங்களுக்கு ஓரசைப் பெயர்களை இட்டார். பத்தொன்பதாம் நூற்றாண்டிலே இங்கிலாந்தில் ஜான் கர்வன் என்னும் பாதிரியார், சாரா குளோவர் என்னும் அம்மையார் கண்ட முறையைத் திருத்தி, ஏழைச் சிறுவரும் எளிதிற் பாடுமாறு சுர எழுத்து முறையைப் பரப்பினார். 1838ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்துப் பொதுப் பள்ளிகளிலே, லோவெல் மேசன் என்பாரின் முயற்சியால், இசை ஒரு பாடமாக ஏற்கப்பட்டது. பள்ளியில் இசை பாடமாயினமையின் இசையாசிரியர்க்குப் பயிற்சி வேண்டியதாயிற்று. பயிற்சி வளர்ந்து பட்டமாயிற்று. இன்று அந்நாட்டுப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் இசைக்கல்வியில் முதுநிலைப் பட்டம் உண்டு. அவற்றுட் சில, பணியிலுள்ள ஆசிரியர்களுக்கென்றே கோடை விடுமுறைகளில் மட்டும் வகுப்பு நடத்தி, சில கோடைகளில் பட்டத்தை நிறைவு செய்விக்கின்றன. ஆசிரியர் தம் வேலையை விடவேண்டுவதில்லை. மாணவர்களும் ஆசிரியரை இழப்பதில்லை.

நம் நாட்டிலும் இம்முயற்சி புதியதன்று. சரளி வரிசை, ஜண்டை வரிசை, அலங்காரம், கீதம் என்று படிப்படியாக ஏறும் பாட முறையைப் புரந்தரதாசர் வகுத்தார் என்பது வழிவழி வந்த கொள்கை. சென்னை மியூசிக் அகாடெமியார் 1931ஆம் ஆண்டிலேயே இசையாசிரியர்களைப் பயிற்றுதற்கென்று ஒரு கல்லூரி தொடங்கினர். அடுத்த ஆண்டிலே சென்னைப் பல்கலைக்கழகத்தில் இசை டிப்ளமா வகுப்பு ஏற்பட்டது. சிதம்பரத்திலோ 1929ஆம் ஆண்டிலேயே அண்ணாமலை அரசர் இசைக் கல்லூரியைத் தோற்றுவித்துவிட்டார். சங்கீத பூஷணம் என்னும் பட்டம் பெற்றோர் பலர் அங்கிருந்து நாடெங்கும் சென்று பாடினர், பாடஞ்சொல்லினர். சென்னைப் பல்கலைக்கழகத்திலிருந்த பேராசிரியர் சாம்பமூர்த்தி அவர்கள் தென்னிந்திய இசையைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதிய ஆறு பகுதி நூல், படிமுறையாக அமைந்தமையால் இன்றும் மாணவர் கையில் உள்ளது.

நிற்க. மூன்றாவது ஐயமே கடினமானது. வயது ஏறியபின், குடும்பச் சுமையும் பள்ளிச் சுமையும் தோளில் இருக்க, ஒருவர் படிக்க இயலுமோ? படித்தால் ஆதாயம் யாது?

இயலுமோ என்பதற்கு விபுலாநந்த அடிகளின் வரலாற்றையே சான்றாகக் காட்டுவேன். 1892ஆம் ஆண்டிற் பிறந்த மயில்வாகனனார் கொழும்பிலே ஆசிரியப் பயிற்சி பெற்று உபாத்தியாயரானார். பணியிலிருந்துகொண்டே தமிழ் பயின்று, 1916ஆம் ஆண்டில் மதுரைத் தமிழ்ச் சங்கத்தாரின் பண்டிதத் தேர்விலே தேறினார். அறிவியல் ஆசிரியராகப் பணிபுரிந்துகொண்டே, கடல்கடந்து செல்லாமல், 1920ஆம் ஆண்டில் லண்டன் பல்கலைக்கழகத்தின் பி.எஸ்.ஸி. பட்டமும் பெற்றார். 1931ஆம் ஆண்டில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும், 1943ஆம் ஆண்டில் இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் முதல் தமிழ்ப் பேராசிரியராய் அமர்ந்தார். நான் முன்னர்க் கூறிய அரங்கேற்று காதையில் யாழாசிரியன் இலக்கணம் கூறும் அடிகளே அவர் உள்ளத்தைப் பற்றின. பல்லாண்டு ஆராய்ந்து அவர் இயற்றிய யாழ்நூல், 1947ஆம் ஆண்டில் திருக்கொள்ளம்பூதூர்த் திருக்கோயிலில் அரங்கேறிற்று. அடுத்த மாதமே, ஜூலைத் திங்களில், அடிகள் மறைந்தார். பகலெல்லாம் பள்ளியிற் கணக்கும் பௌதிகமும் கற்பித்த கல்வியே, பின்னாளில் யாழ் நரம்பின் நீளத்தையும் சுரத்தின் அளவையும் கணிக்க அவர்க்குத் துணை நின்றது. ஆசிரியர் கற்ற எக்கல்வியும் வீண் போவதில்லை என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமோ?

இலங்கையிலேயே மற்றொரு நல்ல வழக்கமும் உண்டு. வட இலங்கைச் சங்கீத சபையார் இசைக்குப் படிமுறையாகத் தேர்வுகள் வைத்திருக்கின்றனர். இறுதித் தேர்வுக்கு ஆசிரியர் தரம் என்றே பெயர். அதில் தேறினார் கலாவித்தகர் எனப்படுவர். ஓராண்டில் ஒரு படி, அடுத்த ஆண்டில் இயலாவிடின் அதற்கடுத்த ஆண்டில் மறுபடி என்று, உத்தியோகத்தில் இருப்போரும் இல்லறத்தில் இருப்போரும் தம் வசதிக்கேற்ப ஏறலாம். மதுரைத் தமிழ்ச் சங்கத்தார் பிரவேச பண்டிதம், பால பண்டிதம், பண்டிதம் என்று வைத்த படிகளும் இத்தகையனவே. ஏணியின் படிகள் நெருங்கி இருந்தால் முழங்கால் வலியுடையாரும் ஏறலாமன்றோ?

இனி நம் தமிழ்நாட்டு ஆசிரியர்க்கு இன்றுள்ள வழிகளைச் சுருங்கக் கூறுவேன். அரசு தேர்வுத் துறையார் நடத்தும் இசைத் தொழில்நுட்பத் தேர்வில் கீழ்நிலை, மேல்நிலை என இரண்டு படிகள் உண்டு. விழுப்புரத்திலும் சேலத்திலும் அரசு இசைப்பள்ளிகள் உள்ளன. சென்னை, மதுரை, கோயம்புத்தூர், திருவையாறு ஆகிய நான்கு ஊர்களில் அரசு இசைக் கல்லூரிகள் உள்ளன. அரசு இசைக் கல்லூரிப் படிப்புகளுள் இசையாசிரியர் பயிற்சியும் ஒன்று. 2013ஆம் ஆண்டில் இசைக்கும் கவின்கலைக்குமென்றே ஒரு பல்கலைக்கழகமும் ஏற்பட்டு, இப்போது டாக்டர் ஜெ. ஜெயலலிதா பெயரால் விளங்குகின்றது. அண்ணாமலைப் பல்கலைக்கழகமும் சென்னைப் பல்கலைக்கழகமும் முன்போலவே இசைத்துறை உடையன. நேரிற் சென்று படிப்பதற்கு நீண்ட விடுப்பு வேண்டும். தொலைநிலைக் கல்வியாயின், அப்படிப்புக்குப் பல்கலைக்கழக மானியக் குழுவின் ஒப்புதல் அவ்வாண்டுக்கு உள்ளதோ என்று பார்த்தே பணம் செலுத்துக. ஒப்புதலில்லாப் பட்டம் சுவரில் மாட்டுதற்கன்றிப் பிறிதொன்றுக்கும் பயன்படாது. அரசுப் பள்ளி ஆசிரியர், சேர்வதற்கு முன்னரே துறையின் அனுமதியை எழுத்தாற் பெறுக. பின்னர்ப் பெறலாம் என்று இருப்பார் பலர் இடர்ப்பட்டுள்ளனர்.

ஆதாயம் யாது? ஒளியாமற் கூறுவேன். உயர்கல்வி பெற்ற ஆசிரியர்க்கு முன்னாளில் ஊக்க ஊதிய உயர்வு கிடைத்துவந்தது. 2020ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்து அரசாணையால் அஃது நிறுத்தப்பட்டது. ஆதலின், மாதந்தோறும் வரும் சம்பளம் பெருகும் என்று எண்ணி இசைப் பட்டத்துக்குச் செல்வாராயின் அவர் ஏமாற்றமே அடைவார். கட்டணம் அவருடையது, பயணச் செலவு அவருடையது, விடுமுறையை இழப்பதும் அவரே. வரவோ அவர் கைக்கு வருவதில்லை.

அங்ஙனமாயின் வரவு எவர்க்கு? மாணவர்க்கே. அஃது எத்தகைய வரவு என்பதை இரண்டொரு செய்தியால் விளக்குவேன்.

'இப்பிள்ளைக்குச் சுருதி சேராது. பாட்டு வாராது' என்று சொல்லப்பட்டு, இறைவணக்கத்தின்போது உதட்டை மட்டும் அசைத்து நிற்கும் சிறுவர் எத்தனையோ பேர். இசைக்கல்வி கற்றவர் முதலில் ஆராய்வது பிள்ளையின் குரலையன்று, ஆசிரியர் வைத்த சுருதியை. ஆடவர் பெரும்பாலும் ஒரு கட்டை, ஒன்றரைக் கட்டைச் சுருதியிலே பாடுவர். அந்தத் தாழ்விலே சிறுபிள்ளையின் குரல் நில்லாது. ஒரு ஸ்தாயி மேலே ஏறினாலோ, தார ஸ்தாயிச் சுரங்களில் தொண்டை இறுகும். இரண்டுங்கெட்டானாய்த் தடுமாறும் பிள்ளையை நாம் சுருதியற்றது என்கின்றோம். ஐந்து கட்டையை ஒட்டிச் சுருதியை வைத்துப் பாருங்கள். அதே பிள்ளைகளிற் பெரும்பாலார் வாய் திறந்து பாடுவர். இங்ஙனமே, ஆண்பிள்ளைகட்குப் பன்னிரண்டு, பதின்மூன்று வயதளவில் மகரக்கட்டு உடையுங்காலம் ஒன்றுண்டு. அப்போது உச்சத்திலே பாடுமாறு வற்புறுத்தினால் குரலும் நொந்துபோம். நாணத்தால் பிள்ளை பாட்டையே கைவிடும். அக்காலத்திலே அவனுக்குத் தாளத்தையும் தாழ்ந்த சுரங்களையும் கொடுத்துக் காத்திருத்தல் வேண்டும். இவையெல்லாம் மேடைக் கச்சேரியாற் கற்கும் பாடமல்ல. கற்பிக்கும் கல்வியிலே கற்பன.

இரண்டாவது செய்தி இம்மலையைப் பற்றியது. இங்கே வாழும் மலையாளி மக்கள் களையெடுக்கும்போதும், கதிரறுக்கும்போதும், மணத்திலும், மரணத்திலும் பாடும் பாட்டுடையவர்கள். அவர்தம் பிள்ளைகளிற் பலர் உண்டு உறைவிடப் பள்ளிகளிலே தங்கிப் படிக்கின்றனர். கல்விக்கு அஃது இன்றியமையாததே. அதனைக் குறை கூறேன். ஆயினும் ஆண்டின் பெரும்பகுதி வீட்டைப் பிரிந்திருக்கும் பிள்ளைக்குப் பாட்டியின் பாட்டு எங்ஙனம் எட்டும்? எழுதாப் பாட்டு ஒரு தலைமுறை இடையறின் மீளாது. ஏட்டிலிருந்தால் ஒரு சாமிநாதையர் தேடி வந்து பதிப்பிப்பார். நாவில் மட்டும் இருந்தாலோ, அந்நாவோடு அஃது அவிந்துபோம்.

அங்கேரி நாட்டிலே ஜோல்டான் கோடாய் என்னும் பேரறிஞர் இருந்தார். 1882 முதல் 1967 வரை வாழ்ந்தவர். அவரும் அவர் நண்பர் பார்டோக்கும் சிற்றூர்தோறும் சென்று குடியானவர் பாடல்களை ஒலிப்பதிவு செய்தும் சுரப்படுத்தியும் திரட்டினர். பின்னர், பிள்ளை தன் தாய்மொழியிலுள்ள நாட்டுப் பாடலினின்றே இசை கற்கத் தொடங்க வேண்டுமென்று கோடாய் வற்புறுத்தினார். அவர் பிறந்த ஊராகிய கெச்கெமேட்டில் 1950ஆம் ஆண்டில், நாள்தோறும் பாட்டுப் பாடும் தொடக்கப் பள்ளி ஒன்று தோன்றிற்று. அம்முறையைக் கற்க இன்றும் பல நாட்டு ஆசிரியர்கள் அங்கே செல்கின்றனர். அவருடைய கருத்து நமக்கும் பொருந்தும். மலைப் பிள்ளைக்கு மாயாமாளவகௌளை பின்னர் வரட்டும். அதன் தாய் பாடிய பாட்டு முன்னர் வரட்டும். அப்பாட்டில் நின்றுகொண்டே, இது குரல், இது இளி என்றும், இது சட்ஜம், இது பஞ்சமம் என்றும் காட்டினால், பிள்ளை தன் வீட்டிலேயே இசையிலக்கணம் இருந்ததை அறிந்து நிமிர்ந்து நிற்கும்.

இதற்கு யார் வேண்டும்? பாட்டைக் கேட்டுச் சுரப்படுத்தத் தெரிந்தவரும், பிள்ளைகளின் வகுப்பை நடத்தத் தெரிந்தவரும், இவ்வூரிலேயே இருப்பவரும் ஆகிய ஒருவர் வேண்டும். பட்டணத்திலிருந்து ஒரு வாரம் வந்து செல்லும் ஆராய்ச்சியாளரால் இஃது இயலாது. ஆசிரியப் பணியிலிருந்துகொண்டே படித்த ஒருவராலேயே இயலும். பணியிலிருந்து படித்தலை, நேரிற் சென்று படிக்க வகையில்லாதார்க்கு வாய்த்த இரண்டாந்தரப் படிப்பு என்று கருதுவார் உளர். யான் அங்ஙனம் கருதேன். காலையிற் படித்ததை மாலைக்குள் வகுப்பிலே வைத்து ஆராயும் வாய்ப்பு முழுநேர மாணவர்க்கு உண்டோ? வகுப்பறையே அவர்க்குச் சோதனைச் சாலை. ஆய்வேடு எழுதுங்கால், நூறு பேர் எழுதிய பொருளையே நூற்றொன்றாவதாக எழுதவேண்டுவதில்லை. தம் பள்ளியும் தம் ஊரும் அவர்க்கு ஆய்வுப் பொருள் ஆகும்.

என் அனுபவத்தையும் இரண்டு வாக்கியத்திற் கூறிவிடுகின்றேன். நான் தொழில்நுட்பத் தேர்வின் இரண்டு படிகளையும், பின்னர் இசையில் முதுகலைப் பட்டத்தையும் பணியிலிருந்தே முடித்தேன். விடியற்காலை ஐந்து மணி முதல் ஆறு மணி வரை கைபேசியிற் சுருதி வைத்துச் சாதகம், பேருந்திலே இலக்கண நூல், சனிக்கிழமைகளில் கள்ளக்குறிச்சியில் குருவினிடத்துப் பாடம், விடுமுறைகளில் தொடர்பு வகுப்பு என்று நாள் கழிந்தது. அரிய செயல் ஒன்றுமில்லை. ஒரு மணி நேரத்தை ஆறு ஆண்டு விடாமற் பிடித்துக்கொண்டதே செய்தது. ஆயினும் எனக்கு இயன்றது எல்லார்க்கும் இயலும் என்று கூறமாட்டேன். என் வீட்டிலே அடுப்பும் குழந்தைகளும் என் மனைவியின் பொறுப்பில் இருந்தன. என்னோடு சேர்ந்த ஆசிரியை ஒருவர், என்னினும் நல்ல குரலும் கூர்த்த செவியும் உடையவர், இரண்டாம் ஆண்டிலே நிறுத்திவிட்டார். தேர்வுக் கட்டணமும், கைக்குழந்தையோடு வெளியூரிலே தங்கும் செலவும் அவரால் தாங்கக்கூடவில்லை. அவர் பள்ளியிலே இருநூறு பிள்ளைகள் இருந்தனர். இழப்பு அவர் ஒருவர்க்கோ? அவ்விருநூறு பேர்க்கும் அன்றோ?

அன்பர்களே! இங்கேதான் நம் சங்கத்தின் கடமை வருகின்றது. செலவு ஆசிரியர் ஒருவருடையது, பயன் ஊருடையது. பயனைப் பெறுவார் செலவிற் பங்கேற்றல் நீதி. மாணவர்க்கு உபகாரச் சம்பளம் வழங்கும் சங்கங்கள் பல. ஒரு மாணவர்க்கு உதவினால் ஒரு குடும்பம் உயரும், அது நற்செயலே. ஓர் ஆசிரியர்க்கு உதவினாலோ, அவர் ஓய்வு பெறும்வரை ஆண்டுதோறும் ஒரு வகுப்புப் பிள்ளைகள் பயன்பெறுவர். ஆதலின் மூன்று விண்ணப்பங்களை இப்பேரவையின் முன் வைக்கின்றேன்.

முதலாவது: ஆண்டுக்கு ஓர் ஆசிரியர்க்கேனும், இசைக்கல்விக்கான கட்டணத்தையும் தேர்வுக்காலத்துப் பயண, தங்கற் செலவையும் சங்கநிதியிலிருந்து அளித்தல் வேண்டும். ஆசிரியைகட்கு முதலிடம் தருக. பெறுபவர், படிப்பு முடிந்தபின் மூன்றாண்டேனும் இம்மலைப் பள்ளிகளிலோ அடிவாரத்துப் பள்ளிகளிலோ வாரம் ஒருநாள் இசை கற்பிக்க இசைதல் வேண்டும். அவர் நம்மவராகத்தான் இருக்கவேண்டுமென்னும் நிபந்தனை வேண்டா. கற்கும் பிள்ளைகள் எல்லாக் குடியினரும் ஆவரன்றோ?

இரண்டாவது: கள்ளக்குறிச்சியிலுள்ள நம் சங்கத்தின் இடத்தில் ஓர் அறையை ஒதுக்கி, ஒரு தம்புரா, ஒரு ஆர்மோனியம், சில இசை நூல்கள் ஆகியவற்றை வைத்தல் வேண்டும். வாடகை வீட்டிற் குடியிருக்கும் ஆசிரியர், விடியற்காலையிலே சாதகம் செய்தால் அண்டைவீட்டார் கதவைத் தட்டுகின்றனர். அறை ஒன்று இருந்தால் அத்தொல்லை நீங்கும்.

மூன்றாவது: இம்மலையின் முதியோர் பாடும் பாடல்களை, அவர்தம் இசைவு பெற்று ஒலிப்பதிவு செய்து, சுரப்படுத்தி, படிகளை அந்தந்த ஊர்ப் பள்ளியிலேயே வைத்தல் வேண்டும். பாடியவர் விரும்பின் அவர் பெயரையும் ஊரையும் எழுதிவைக்க. அவர் வேண்டாமென்ற பாட்டை வெளியிடற்க. பாட்டு அவர்களுடையது, நாம் எழுத்தர்களே.

இம்மூன்றுக்கும் பெரும்பொருள் வேண்டாம். திருமணம் ஒன்றிலே பந்தல் அலங்காரத்துக்கும் ஒலிபெருக்கிக்கும் நம்மவர் செலவிடும் தொகையிற் சிறு பகுதி போதும். நம் சங்கத்துச் செல்வர்கள் மனம் வைத்தால், இவ்வாண்டிலேயே ஒருவரை அனுப்பலாம்.

ஆசிரியத் தோழர்கட்கு ஒரு சொல். சம்பளம் உயராத படிப்பை எதற்குப் படிப்பது என்று கேட்பீர்களாயின், நாம் தமிழை எதற்குப் படித்தோம் என்று உங்கள் நெஞ்சையே கேளுங்கள். இளம்பூரணரையும் நச்சினார்க்கினியரையும் சம்பளத்துக்காகவா விளக்கேற்றிப் படித்தோம்? கல்வி கற்பவனே கற்பிக்கத் தக்கான். தானும் ஒரு மாணவனாய் ஓர் ஆசிரியர் முன்னே அமர்ந்து, சுரம் தவறித் திருத்தப்பெறும் உபாத்தியாயர், மறுநாள் தம் வகுப்பிலே தவறும் பிள்ளையைப் பொறுமையோடு நோக்குவார். அப்பொறுமையே பட்டத்தினும் பெரிய பேறு என்பது என் துணிபு.

என் விண்ணப்பங்களை நிருவாக சபையார் அடுத்த கூட்டத்திலேயே எடுத்து ஆராய்ந்து, ஆம் என்றோ அன்று என்றோ ஒரு முடிவு கூறுமாறு வேண்டி அமைகின்றேன்.